குடிக்காதவரைப் பார்த்துப் போதை படித்த கார்

எங்கள் வீட்டில் சமையலறையிலிருந்து கூடத்துக்கு வரும் வழி சற்று வளைந்து வரும். அந்த வளைவில் அப்பா ஒரு தடவை இருமுவார். சளி எதுவும் கிடையாது. எதிரே யாராவது வந்தால் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. நாற்காலியை விட்டு எழும்போது வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் எழுவார். அவர் தூங்கும்போது பக்கத்தில் அம்மா கொஞ்சம் சத்தமாகப் பேசினால் போதும், வலது கால் மெத்தையை அழுத்தும்.

"பிரேக் போட்டுட்டாரு. இனிமே பேசிப் பிரயோஜனம் இல்ல," என்று அம்மா எழுந்து போய்விடுவாள்.

அப்பா இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். பணிமனையில் அவருக்கு மஞ்சத்துணி என்று பெயர். இருக்கையில் ஏறியதும் தோளில் கிடக்கும் மஞ்சள் துணியால் முன்கண்ணாடியைத் துடைப்பார். மூன்று பக்கக் கண்ணாடிகளையும் ஒரு நூல் அளவு திருப்புவார். பெல்ட்டை மாட்டி இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். பிறகு யாரிடம் என்றில்லாமல் "போலாம்" என்பார். இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை. அதற்குள் பின்னால் நிற்கிற பேருந்துகள் எல்லாம் ஹாரன் அடித்து ஓய்ந்துவிடும்.

குடியைப் பொறுத்தவரை அவர் கதை இன்னும் மோசம். ஒருமுறை இருமல் மருந்து இரண்டு மூடி குடித்துவிட்டு, மறுநாள் "மருந்து உட்கொண்டிருப்பதால்" என்று எழுதி விடுப்புக் கேட்டவர் அவர். மேலாளர் அந்தக் கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். பாராட்டுவதற்கா கேலி செய்வதற்கா என்று அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. பாராட்டு என்றே வைத்துக்கொண்டார்.

பிறகு அவருடைய தடத்தில் தானாக ஓடும் பேருந்துகளை விட்டார்கள். ஐம்பத்தைந்து வயதில் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். வீட்டில் ஓட்டுவதற்கு ஒன்றும் இல்லை. அம்மா குழம்பைக் கிளறும்போது பின்னால் நின்று, "லெஃப்ட்ல இன்னும் எடம் இருக்கு பாரு," என்பார்.

அந்தச் சமயம்தான் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், புள்ளியியல். தானாக ஓடும் கார்களைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் என்னை எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருடப் படிப்பை வைத்து நான் செய்தது இதுதான்: கணினியில் ஒரு ஆள் காருக்குள் உட்கார்ந்திருக்கும் துண்டுப் படம் வரும். கீழே இரண்டு பொத்தான். சிவப்பு என்றால் போதை, பச்சை என்றால் தெளிவு. ஒரு நாளைக்கு அறுநூறு தடவை அழுத்துவேன். அழுத்துவதைப் பார்த்துக் கார் கற்றுக்கொள்ளும். அம்மா பக்கத்து வீட்டில் என்னை 'காருக்கு டீச்சர்' என்று சொல்லி வைத்திருந்தாள். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த வேலைக்குப் பட்டம் எதற்கு என்று மட்டும் அவ்வப்போது யோசிப்பேன்.

இந்தப் பொத்தான்களுக்குக் காரணம் புதிதாக வந்த ஒரு சட்டம். கார் தானே ஓடினாலும், ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருப்பவர்தான் ஓட்டுநர். அவர் குடித்திருந்தால் குற்றம். கார் ஓடக்கூட வேண்டாம், நின்றுகொண்டிருந்தாலும் குற்றம். ஆகவே ஒவ்வொரு காரும் கிளம்பும் முன் முன்னிருக்கை ஆளைக் கேமராவில் பார்த்து, குடித்தவர் என்று தெரிந்தால் நகராமல் நிற்கவேண்டும்.

குடித்தவரைக் கண்டுபிடிக்கக் காருக்குக் கற்றுத்தர வேண்டும் என்றால் குடித்தவரைக் காட்டவேண்டும். ஆனால் குடித்தவரை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தால் அதே சட்டப்படி குற்றம். எங்கள் நிறுவனத்தின் வக்கீல் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் வழி சொன்னார்: குடிக்காதவர் யாரையாவது குடித்தவர்போல் நடிக்கச் சொல்லுங்கள்.

நடிக்க ஆள் வேண்டும், ஓட்டுநர் உரிமம் கட்டாயம், குடிப்பழக்கம் கூடாது என்று அறிவிப்பு வந்தது. நான் அதை அப்பாவிடம் காட்டினேன்.

"குடிகாரன் வேஷமா? எனக்கா?"

"காருக்குள்ளதாம்ப்பா உக்காரணும்."

"ஸ்டியரிங் இருக்குமா?"

"இருக்கும்."

"அப்பச் சரி."

நடிப்புக்கு ஆசான் என் மாமா, அம்மாவின் அண்ணன். முப்பது வருட அனுபவசாலி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் பாடம் நடந்தது. அன்று மாமா தெளிவாகத்தான் இருந்தார், அதனால் கொஞ்சம் கைநடுக்கம்.

அப்பா தள்ளாடி நடந்து காட்டினார். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"மாப்ள, இது குடிகாரன் இல்ல. செருப்பு கடிக்கிற ஆளு. நான் குடிச்சிருக்கேன்னு எவனாவது தள்ளாடிக் காட்டுவானா? குடிச்சவன் குடிக்காத மாதிரி நடிப்பான். அதான் சூட்சுமம்."

"அப்ப நான் என்ன செய்யணும்?"

"குடிச்சவன் குடிக்காத மாதிரி நடிக்கிறத, குடிக்காத நீங்க நடிக்கணும்."

அப்பா வெகுநேரம் யோசித்தார். "அப்ப நான் சும்மா உக்காந்தா போதும்ல, மச்சான்?"

"சும்மா இல்ல. ரொம்ப ஒழுங்கா உக்காரணும். போலீஸ் நிறுத்தினா நான் என்ன பண்ணுவேன்? சட்டையச் சரி பண்ணுவேன், கண்ணாடியச் சரி பண்ணுவேன், நிமிர்ந்து உக்காருவேன். ஒழுங்கு வழியணும்!"

"அதையேன் கேக்குற, எங்கிட்டயும் அண்ணன் அப்படித்தான் நிமிர்ந்து நிப்பாரு," என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

இப்படித்தான் அப்பா எங்கள் நிறுவனத்தின் சோதனைத் திடலுக்குப் போய், காரில் ஏறி, மஞ்சள் துணியை எடுத்தார். கண்ணாடி துடைத்தார். மூன்று கண்ணாடிகளையும் ஒரு நூல் திருப்பினார். பெல்ட்டை இரண்டு தடவை இழுத்தார். "போலாம்" என்றார். பிறகு, நடிப்பு மறந்துவிடக்கூடாதே என்று, கடைசியில் ஒரு விக்கல் விட்டார். இருநூறு நாள், நாளைக்கு இருபது தடவை.

அந்தப் படமெல்லாம் என் மேசைக்குத்தான் வந்தது. முதல் வாரமே எனக்கு உறுத்தியது. எங்கள் டீம் லீடரிடம் போய்க் கேட்டேன்.

"சார், இவரப் பாத்தா குடிச்ச மாதிரியே தெரியல."

"ஷூட்டிங் ஷீட்ல என்ன எழுதியிருக்கு?"

"போதைன்னு."

"அப்ப போதை."

நான் திரும்பி வந்து சிவப்பை அழுத்தினேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் என் அப்பா என்று அலுவலகத்தில் யாரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. உறவினர் வேலை செய்யக்கூடாது என்று விதி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. அப்படியானால் ஏன் சொல்லவில்லை? சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் அவரை 'விக்கல் தாத்தா' என்று சொல்லிச் சிரிக்கும்போது நானும் கொஞ்சம் சிரித்தேன். அதற்கு எந்த விதியும் தேவைப்படவில்லை.

தெளிவான ஆட்களின் படத்துக்கு யாரையும் வேலைக்கு எடுக்கவில்லை. அலுவலகத்தில்தான் அத்தனை பேர் தெளிவாக இருக்கிறார்களே! மதியம் சாப்பிட்டுவிட்டு ஒவ்வொருவராகப் போய்க் காரில் உட்கார்ந்தார்கள். ஒருவர் இருக்கையைப் பின்னால் சாய்த்துக் காலை மேலே தூக்கிப் போட்டுக்கொண்டு போன் பார்த்தார். ஒருவர் போன் பார்த்தபடியே கொட்டாவி விட்டார். டீம் லீடர் பெல்ட் போடாமல் வறுத்த கடலை தின்றார். எல்லாவற்றுக்கும் பச்சை.

நடிப்பு வேலை முடிந்த வாரம் இன்னொரு அறிவிப்பு வந்தது. கார்களை நிஜச் சாலையில் ஓட விடப்போகிறார்கள். முன்னிருக்கையில் உரிமம் உள்ள ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். கார் தடுமாறினால் அவர் ஸ்டியரிங்கை வாங்கி ஓட்டவேண்டும். அப்பா அதை மூன்று முறை வாசித்தார். மூன்றாவது முறை வாசிக்கும்போது அவருடைய வலது கால் தரையில் லேசாக அழுத்தி விட்டதை நான் பார்த்தேன்.

"ரோட்டுலயாம்மா? நெஜ ரோட்டுலயா?"

"ஆமாப்பா. ஆனா டெஸ்ட் இருக்கு."

"டெஸ்ட்டு என்ன டெஸ்ட்டு. இருபத்தாறு வருஷம்."

தேர்வு மூன்று கட்டம். குழாயில் ஊதவேண்டும். பிறகு காரில் உட்கார்ந்து, கார் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறகு திடலைச் சுற்றி ஒரு வட்டம். இரண்டாவது கட்டத்தில்தான் கத்தி இருந்தது. கார் ஒருவரை மறுத்தால், அது குடித்துவிட்டு ஓட்ட முயன்றதாக அவர் உரிமத்தில் பதிவாகும். ஒரே நாளில் ஒரு கார் மூன்றாவது தடவை மறுத்தால், அந்த நேரம் இருக்கையில் இருப்பவரைக் கதவைப் பூட்டி உள்ளேயே வைத்துக்கொள்ளும். அவர் உரிமம் அங்கேயே முடங்கும்.

தேர்வு நாள் காலை பத்து மணிக்குப் போக்குவரத்து அலுவலர் வந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. பேனாவைக்கூட நேராகப் பிடிக்கிற மனிதர். அப்பாவுக்கு அவரைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. குழாயில் ஊதினார். பூஜ்ஜியம்.

"நல்லது. ஏறுங்க," என்றார் அலுவலர்.

அப்பா ஏறினார். துணியை எடுத்துக் கண்ணாடி துடைத்தார். மூன்று கண்ணாடி, ஒரு நூல். பெல்ட், இரண்டு இழுப்பு. "போலாம்."

காருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் மிகவும் மரியாதையாகச் சொன்னது: "மன்னிக்கவும். நீங்கள் வாகனம் ஓட்டும் நிலையில் இல்லை. இறங்கி ஓய்வெடுங்கள்."

அப்பாவின் முகம் சுருங்கியது. "என்னம்மா சொல்ற? நான் இப்பத்தானே ஊதிட்டு வந்தேன்?" என்று காரிடம் கேட்டார்.

"காருகிட்ட பேசாதீங்க," என்றார் அலுவலர். "அது பதிவாகும்."

"சார், பைப்புல பூஜ்ஜியம் வந்துச்சே?"

"பைப்பு மதுவ மட்டும்தான் பாக்கும். கார் எல்லாப் போதையும் பாக்கும். சட்டப்படி கார் சொல்றதுதான் கணக்கு. ஒண்ணு ஆச்சு. வேணும்னா இன்னொரு தடவ உக்காருங்க."

அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏதோ ஒழுங்கு குறைந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். இந்த முறை முன்கண்ணாடியோடு ஸ்டியரிங்கையும் துடைத்தார். கண்ணாடிகளை இரண்டு நூல் திருப்பினார். பெல்ட்டை நான்கு தடவை இழுத்தார். முதுகை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நிமிர்த்தினார். பதற்றத்தில் அவருக்கு உண்மையாகவே ஒரு விக்கல் வந்தது.

"மன்னிக்கவும். போதையின் அளவு அதிகபட்சம்," என்றது கார். இந்த முறை விளக்குகளையும் மினுக்கியது.

திடலோரம் நின்று சிரித்துக்கொண்டிருந்த அலுவலகக்காரர்களோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தக் கார் தப்பாகச் சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறது. கண்ணாடி துடைப்பவன் குடிகாரன் என்று நாலாயிரம் தடவை அதன் காதைத் திருகிச் சொன்னது நான்தான்.

"அப்பா! இறங்குங்கப்பா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

சிரிப்பு நின்றது. டீம் லீடர், "அப்பாவா?" என்றார். அவருக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. ஜன்னலில் தலையை விட்டேன்.

"அப்பா, போன எடுங்க. சாஞ்சு உக்காருங்க. எதையும் தொடாதீங்க."

"டிரைவர் சீட்லயா?"

"ஆமாப்பா."

"போனா?"

"ஆமாம்ப்பா, தயவுசெஞ்சு."

"பாப்பா, அதுக்கு நான் ரெண்டு பெக்கு போட்டுட்டே உக்காரலாம்."

"இன்னொரு தடவ இது இல்லன்னு சொன்னா உங்க லைசென்ஸ் போயிடும்ப்பா. அரை நிமிஷம்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு பெல்ட்டைக் கழற்றினார், ஏதோ சட்டையைக் கழற்றச் சொன்னதுபோல. இருக்கையைச் சாய்த்தார். தன்னுடைய பொத்தான் போனை எடுத்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"வணக்கம்! பயணத்தைத் தொடங்கலாம்," என்றது கார் உற்சாகமாக.

நான் கையைத் தட்டினேன். அலுவலர் தட்டவில்லை. நேராகப் பிடித்த பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

"ஓட்டுநர் இருக்கையில் கைபேசி. பெல்ட் இல்லை. தோல்வி."

"பாத்தியா, நான் சொன்னேன்ல!" என்றார் அப்பா என்னிடம். தோற்றதைவிட அவர் சொன்னது சரியானதில்தான் அவருக்குத் திருப்தி என்று தோன்றியது. ஆனால் காரிலிருந்து இறங்கியபோது கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே நின்றார். அதை விட அவருக்கு மனமில்லை.

நான் அலுவலரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சட்டம், நடிப்பு, மாமா, சிவப்பு, பச்சை. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதாவது, ஒழுங்கா உக்காந்தா கார் குடிகாரன்னு சொல்லும்?"

"ஆமா சார்."

"என்னம்மா, கத விடறியா? நகரு."

அவர் காரில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் இருந்த ஒரு தூசியைக் கைக்குட்டையால் தட்டினார். பக்கக் கண்ணாடியை அளந்து திருப்பினார். பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சடக் என்று நான்கு கதவுகளும் பூட்டிக்கொண்டன.

"மன்னிக்கவும். இன்று மூன்றாவது மறுப்பு. உங்கள் உரிமம் முடக்கப்பட்டது. அதிகாரம் பெற்ற அலுவலர் வந்து உங்களை ஊதவைக்கும்வரை காத்திருக்கவும்."

"நான்தாம்மா அதிகாரம் பெற்ற அலுவலர்!" என்றார் அவர் காரிடம்.

"காருகிட்ட பேசாதீங்க சார். பதிவாகும்," என்றார் அப்பா, உண்மையான அக்கறையோடு.

ஊதும் குழாய் அலுவலரின் பையிலேயே இருந்தது. ஆனால் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள யாருக்கும் அதிகாரமில்லை. அந்த விதியையும் அவரே வாசித்துக் காட்டினார். அவருடைய மேலதிகாரி ஊரின் மறுகோடியிலிருந்து வர இரண்டு மணி நேரம். ஜன்னல் கண்ணாடி நான்கு விரல் மட்டும் இறங்கியது. தேநீர்க் கோப்பை நுழையவில்லை. அப்பா பிஸ்கெட்டை ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தார். வெயில் அடித்தபோது மஞ்சள் துணியை வெளியிலிருந்து கண்ணாடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் பழைய பேருந்துகளின் கியர் பற்றிப் பேசினார்கள். 'மூன்றாவது கியர் விழாத அந்த நீல வண்டி' இருவருக்குமே தெரிந்திருந்தது.

இடையில் வீட்டுக்கு போன் செய்தேன். மாமா எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் முப்பது வருஷமா குடிக்கிறேன், எம்மேல ஒரு கேஸ் கிடையாது. மாப்ள ஒரே காலைல ரெண்டு வாங்கிட்டாரா?" என்றார். குரலில் பொறாமை இருந்தது.

மேலதிகாரியம்மா வந்து இறங்கியதும் முதலில் அலுவலரை ஊதவைத்தார். பூஜ்ஜியம். கதவு திறந்தது. அலுவலர் இறங்கினார். சட்டை முழுக்கச் சுருக்கம். அவர் நடந்ததைச் சொன்னதும் அம்மையார் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் டீச்சரா? காட்டு."

காரின் முன்மூடிமேல் மடிக்கணினியை வைத்துப் படங்களை ஓட விட்டேன். போதை என்ற தலைப்பில் அப்பா துடைத்தார், திருப்பினார், இழுத்தார், விக்கினார். தெளிவு என்ற தலைப்பில் எங்கள் அலுவலகம் கால் நீட்டிப் படுத்திருந்தது.

"தெளிவா இருக்கற இவங்கள்ல யாருக்காவது லைசென்ஸ் இருக்கா?" என்று கேட்டார் அம்மையார்.

திரையில் டீம் லீடர் கடலை தின்றுகொண்டிருந்தார். நேரில் அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டனு அழுத்தினது யாரு?"

"நான்தான் மேடம்."

"தப்புன்னு தெரியலயா?"

"தெரிஞ்சுது மேடம். ஒரு தடவ கேட்டேன். அப்புறம் கேக்கல."

இதைவிட நல்ல பதில் ஒன்று என்னிடம் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் உண்மையில் நடந்தது அவ்வளவுதான். அம்மையார் என்னைத் திட்டவில்லை. "நாலாயிரத்தையும் திரும்ப அழுத்து," என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாவிடம் போனார்.

"உங்க பேர்ல பதிவான ரெண்டும் ரத்து. ஆனா கார் சொல்றத வெச்சு உங்களப் பாஸ் பண்ண முடியாது, ஃபெயிலும் பண்ண முடியாது. கையால ஓட்டுவீங்களா?"

"ஓட்டவா?" என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லை அவர் கேட்ட விதத்தில் அம்மையாரே கொஞ்சம் சிரித்துவிட்டார்.

பொறியாளர் ஒருவர் காரின் சொந்த மூளையை அணைத்தார். அலுவலர் தேர்வுத்தாளோடு பின்னிருக்கையில் ஏறினார். ஒரு வட்டம், இரண்டு கிலோமீட்டர். அப்பா துடைத்து, திருப்பி, இழுத்து, "போலாம்" என்றார். யாரும் மறுக்கவில்லை. கார் கிளம்பியதே தெரியவில்லை. திடலில் ஒரு மேடு இருக்கிறது, எல்லாக் காரும் அங்கே ஒரு குதி குதிக்கும். அப்பா அதன்மேல் தண்ணீர் ஏறி இறங்குவதுபோல் ஏறி இறங்கினார்.

ஒரு வட்டம் முடிந்தது. கார் நிற்கவில்லை. எங்களைக் கடந்து போனது.

"என்னாச்சு? நிறுத்தச் சொல்லு," என்றார் டீம் லீடர்.

இரண்டாவது வட்டமும் முடிந்தது. நாங்கள் எல்லோரும் கையைக் காட்டினோம். அப்பா வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல் எங்களைக் கடக்கும்போது, ஒரு கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டினார். பிறகு பின்னிருக்கையை நோக்கிக் கண்ணைக் காட்டினார். உள்ளே அலுவலர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தேர்வுத்தாள் மடியில், பேனா கோணலாக.

"பாவம், வெயில்ல ரெண்டு மணி நேரம்," என்றார் அம்மையார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தாவது வட்டத்தில்தான் அலுவலர் விழித்தார். அப்பா காரை நிறுத்தினார், நின்றதும் தெரியவில்லை.

"முடிஞ்சுதா?" என்று கேட்டார் அலுவலர், வாயைத் துடைத்துக்கொண்டு.

"நாலு ரவுண்டு கூடுதலா போயிட்டோம் சார். ஃபெயிலுங்களா?"

அலுவலர் வெளியே எங்களைப் பார்த்தார், தன் சட்டையைப் பார்த்தார், பேனாவை நேராகப் பிடித்தார். அந்தத் தாளில் ஓட்டுநருக்கு ஒரு கட்டம், வாகனத்துக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் தேர்ச்சி என்று எழுதினார். இரண்டாவதில், தோல்வி, மூன்று மாதம் கழித்து மறுதேர்வு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பா தாளை வாங்கி வாசித்தார். பிறகு காரின் முன்மூடியை இரண்டு தட்டுத் தட்டினார்.

"விடு, மூணு மாசம்தானே. பாப்பா சொல்லித் தருவா," என்றார் அதனிடம்.